தாத்தாவை டாட்டாங்குற பொண்ணு: கோத்தகிரி எஸ்டேட்ல இருந்து வந்த ஒரு கேஸ்

கேஸ் விவரம் முதல்ல. பொண்ணுக்கு எட்டு வயசு, மூணாங்கிளாஸ், கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட் லைன் வீட்ல இருக்காங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் மேல் அசாம்ல இருந்து இலை பறிக்க வந்தவங்க, வீட்ல பேசுறது அசாமிய மொழி, பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். பேரெல்லாம் வேணாம், பாப்பான்னே சொல்றேன், அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை மாத்தியும் இருக்கேன். அனுப்பின சீட்டுல எழுதியிருந்த காரணம்: "காது சரியாகக் கேட்கவில்லை, சொல்வதெழுதுதலில் எழுத்து மாறுகிறது." என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி கீழ ஒரு இடத்துல காட்டியிருக்காங்க, அங்க லேசா கேள்விக்குறை இருக்கலாம்னு எழுதி ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தக் காசுக்கு இலை பறிக்கிற குடும்பம் எங்க போகும், அதனால மேஸ்திரி ஒருத்தர் "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க"ன்னு இங்க கூட்டிட்டு வந்தாரு.

பரிசோதனை முடிவு ஒரே மூச்சுல சொல்லிடலாம். செவிப்பறை நல்லா இருக்கு, கொஞ்சம் குரும்பி, அதை எடுத்தாச்சு. டிம்பனோகிராம்ல, அதாவது செவிப்பறை எப்படி அசையுதுன்னு பாக்குற டெஸ்ட்ல, நடுக்காதுல நீர் கோத்திருக்கிற மாதிரி எதுவும் இல்ல. இந்தக் குளிருக்கு சளி பிடிச்ச பிள்ளைங்களுக்கு அது சகஜமா வரும், அதனால முதல் சந்தேகம் எப்பவும் அதுதான். ஓஏஈ, அதாவது உள்காது திருப்பி அனுப்புற சன்னமான ஒலியைப் பிடிக்கிற டெஸ்ட், ரெண்டு காதுலயும் பாஸ். எவ்ளோ மெலிசான சத்தம் வரைக்கும் கேக்குதுன்னு காட்டுற ஆடியோகிராம்ல 250ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாம் நார்மலுக்குள்ள. இதோட ஃபைலை மூடி "காது நார்மல்"னு எழுதிக் குடுத்துருக்கலாம், நிறைய பேரு அப்படித்தான் செய்வாங்க, ஆனா டீச்சர் சொல்ற புகார் பொய்யில்லையே, பிள்ளை நிஜமாவே தப்பா எழுதுது. அதனால நோட்டைக் கொண்டு வாங்கன்னேன்.

நோட்டுலதான் கேஸே இருந்துச்சு. ஆனா அவ நோட்டை மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது, அதே கிளாஸ்ல நல்லாப் படிக்கிற ரெண்டு மூணு தமிழ்ப் பிள்ளைங்க நோட்டையும் டீச்சர்கிட்ட கேட்டு வாங்கினேன். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தப்பு ரெண்டு சாதியா பிரியுது. றகரத்துக்கு ரகரம், ழகரத்துக்கு ளகரம், சில எடத்துல ணகரத்துக்கு னகரம், இது எல்லாப் பிள்ளைங்க நோட்டுலயும் இருக்கு. இருக்கத்தான் செய்யும், ஏன்னா நம்மள்ல முக்காவாசிப் பேரு பேச்சுல ர, ற ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றோம், நாகர்கோவில் பக்கம் போனாத்தான் வித்தியாசம் காதுல விழும். வாயில இல்லாத வித்தியாசத்தை சொல்வதெழுதுதல்ல கொண்டு வரச் சொன்னா யாருக்கும் மனப்பாடம்தான் வழி. அதனால அந்தத் தப்பையெல்லாம் கணக்குல இருந்து தூக்கிட்டேன். மிச்சம் இருந்தது பாப்பா மட்டும் பண்ற தப்பு: "பத்து" எழுதச் சொன்னா "பட்டு", "காட்டுல"ன்னா "காத்துல", "சண்டை"ன்னா "சந்தை". ரெண்டு பக்கமும் மாறுது, த போய் ட ஆகுது, ட போய் த ஆகுது, கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி. அடுத்தது குறில் நெடில், "படம்", "பாடம்" ரெண்டும் கலந்து கலந்து வருது. இதைத் தவிர க, ச, ம, வ இதுலயெல்லாம் ஒரு தப்பும் இல்ல.

காது மந்தமா இருந்தா இப்படி பொறுக்கி எடுத்தாப்ல ஒரு ஜோடி மட்டும் போகாது. ஒலி வாங்குற இடத்துல கோளாறுன்னா ச, ஃப மாதிரி மெலிசான சத்தம் எல்லாம் சேந்துதான் அடி வாங்கும். இங்க போயிருக்கிறது அசாமிய மொழியில இல்லாத வித்தியாசம் மட்டும். அசாமியத்துல பல்லொட்டுற தகரமும் நாக்கை மடிக்கிற டகரமும் தனித்தனியா கிடையாது. எழுத்துல ரெண்டு இருக்கு, பேச்சுல ரெண்டும் ஒண்ணாக் கலந்து நடுவுல, மேல்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற ஈறு மேட்டுல நாக்கு நுனி தொடுற ஒரே ஒலியா ஆகிப்போச்சு. வடக்க பெரும்பாலான மொழியில த, ட ரெண்டும் இருக்கையில அசாமியத்துல இப்படி. உயிர்லயும் குறில் நெடில்னு நீளத்தை வச்சு பொருள் மாறுறது அங்க இல்ல. அதாவது நோட்டுல இருந்த தப்பும் அந்த மொழியோட ஒலி அமைப்பும் அச்சு அசலா ஒத்துப்போகுது.

இனிதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்த பகுதி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

எங்க கிளினிக்ல மூணு பேரு. நான் தமிழ், கோயமுத்தூர் பக்கம். ரிசப்ஷன்ல இருக்கிற அக்கா படுகர், பக்கத்து ஹட்டிக்காரங்க, ஹட்டின்னா படுகர் ஊரு. நர்ஸ் சேச்சி கூடலூர், வீட்ல மலையாளம். பாப்பாவை "தாத்தா"ன்னு சொல்லச் சொன்னோம். எனக்குப் பட்டது சுத்தமா "டாட்டா". ரிசப்ஷன் அக்காவும் "டாட்டா சொல்லுது, எங்கயோ கெளம்புறா போல"ன்னு சிரிச்சாங்க. ஊசி மருந்து எடுத்துட்டு இருந்த சேச்சி மட்டும் திரும்பிப் பாத்து, "இல்லல்லோ மேடம், அது தவும் இல்ல டவும் இல்ல, எங்க 'பற்றி'ல வரும்ல, அந்த ஒலி"ன்னாங்க. நான் அப்படியே நின்னுட்டேன். அவங்க சொன்னதுதான் சரி. மலையாளத்துல பத்தி, பற்றி, பட்டி மூணும் மூணு எடத்துல நாக்கு தொடுற வேற வேற சொல்லு, வரிசையா பாம்பு எடுக்குற படம், 'குறித்து'ங்குற பொருள், நாய். நடுவுல இருக்கிற அந்த ற்றகரம் ஈறு மேட்டு ஒலி, அசாமிய ஒலியும் அதே இடத்துலதான் பொறக்குது. நமக்கும் ஒரு காலத்துல அந்த மூணாவது எடம் இருந்துச்சு, எழுத்துல இப்பவும் ற்ற இருக்கு, ஆனா பேச்சுல காற்று காத்தாயிடுச்சு, கன்று கன்னுக்குட்டி ஆயிடுச்சு. எடம் காலியானதும் அங்க விழுற ஒலியை எல்லாம் நம்ம காது பக்கத்து வீட்டுக்கு, அதாவது டகரத்துக்கு அனுப்பிடுது. இங்கிலீஷ்காரன் ஈறு மேட்டுல சொல்ற ஒலியை நாம டிக்கெட்டு, டீ, டேபிள்னு டகரமாவே வாங்கி வச்சுக்கிட்டதும் இதனாலதான்.

ஒரே பிள்ளை, ஒரே வாய், ஒரே நொடி. ரெண்டு பேருக்கு ட, ஒருத்தருக்கு மூணாவது ஒண்ணு. அப்ப "பிள்ளை த-வை ட-ன்னு சொல்லுது"ங்குற டீச்சரோட குறிப்பு பிள்ளையைப் பத்தின உண்மையில பாதிதான், மீதி பாதி டீச்சர் காதைப் பத்தின உண்மை. டீச்சரை குத்தம் சொல்ல இதைச் சொல்லல, என் காதும் அதே லட்சணம்தான்.

இதை நேரா பாத்துடலாம்னு அடுத்த தடவை அம்மாவை உக்காரவச்சு அவங்க மொழியில நாலு சொல்லு சொல்லச் சொன்னேன். சோறு, வழி, இலை, விரிசல், இந்த நாலுக்கும் அசாமியத்துல உள்ள சொல்லு. தமிழ் எழுத்துல எழுதினா நாலும் "பாட்"தான், வேற வழியே இல்ல. சுலோகப் புத்தகத்துல நம்பர் போடுவாங்கல்ல, அந்த மாதிரி போட்டா இலை ப1, விரிசல் ப2, வழி ப3, சோறு ப4. அம்மா ரெண்டு ரெண்டா மாத்தி மாத்திச் சொன்னாங்க, நாங்க "ஒண்ணா வேறயா"ன்னு சொல்லணும், அவ்ளோதான் விளையாட்டு. ரிசப்ஷன் அக்காவுக்கு இலையும் வழியும் வேறன்னு உடனே தெரிஞ்சுது, யோசிக்கவே இல்ல, ஏன்னா படுக மொழியில சொல்லோட தொடக்கத்துலயே கடின ஒலியும் அதிர்ற ஒலியும் தனித்தனி, அந்த மக்களோட பேரே அதிர்ற பகரத்துலதான் ஆரம்பிக்குது. தமிழ்ல அது சொந்தச் சொல்லுல பொருளை மாத்தாது, எடத்தைப் பொறுத்து தானா மாறும்: "பந்து"ல முதல்ல வர்ற ப கடினம், "அன்பு"ல வர்றது அதிர்வு, யாரும் கவனிக்கிறதில்ல. எனக்கு காலேஜ் இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி தயவுல ப1, ப3 பிரிஞ்சுது. ஆனா ப3, ப4, வழியும் சோறும், எங்க மூணு பேருக்குமே நிச்சயமா சொல்ல முடியல. பாப்பா மேசை மேல தலை வச்சு குலுங்கிக் குலுங்கி சிரிக்கிறா. பெரியவங்க மூணு பேரும் அவ வீட்டு சோத்துக்கும் வழிக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்கிறோம். அம்மா அதுவரைக்கும் வாயைத் திறக்கவே பயந்துட்டு இருந்தவங்க, தெரிஞ்ச தமிழ்ல "மேடம், காது மெஷின் வேணுமா?"ன்னு கேட்டாங்க. நல்லாவே கேட்டாங்க.

இந்த ப1, ப3 மாதிரி வித்தியாசங்களை முதல்ல வரிசையா அளந்து காட்டினது லிஸ்கர், ஆப்ராம்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க, 1964ல. உதடோ நாக்கோ அடைச்சதைத் திறந்ததுக்கும் குரல்நாண் அதிர ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல எத்தனை மில்லிசெகண்டுன்னு 11 மொழியில அளந்தாங்க, அந்த 11ல தமிழும் ஒண்ணு. இந்த ஒத்த அளவை வச்சே நிறைய மொழி ஒழுங்காப் பிரிஞ்சுடுது, ஆனா ஹிந்தி, மராத்தியில உள்ள ப4 மாதிரி மூச்சும் அதிர்வும் கலந்த ஒலியை மட்டும் அந்த அளவுகோலால பிரிக்க முடியலன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எங்க மூணு பேருக்கும் வழுக்கினது அதே எடம்தான்னு நினைக்கையில கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

சரி, பாப்பாவுக்கு வருவோம். கேள்வி இதுதான்: அவளுக்கு த, ட வித்தியாசம் காதுலயே விழலையா, இல்ல விழுந்தும் நிக்கலையா? இதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. "பத்து", "பட்டு" ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணி ஜோடியாப் போட்டு ஒண்ணா வேறயான்னு கேக்குறது, நடுவுல விடுற இடைவெளியை மட்டும் மாத்துறது. கால் செகண்டு விட்டு அடுத்ததைப் போட்டா பாப்பா பெரும்பாலும் சரியாச் சொன்னா. ஒன்றரை செகண்டு விட்டா குழம்பிடுறா. படத்தைக் காட்டி "இதுல பட்டு எது"ன்னு கேட்டா முழுக்க ஊகம். இது புது கண்டுபிடிப்பு இல்ல. ஜேனட் வெர்க்கரும் கூட இருந்தவங்களும் 1980கள்ல கனடாவுல இங்கிலீஷ் பேசுற பெரியவங்களுக்கு ஹிந்தி த, ட போட்டுப் பாத்தப்ப இதேதான் நடந்துச்சு, இடைவெளி குறைச்சலா இருந்தா பிரிச்சிடுறாங்க, கூடினா விட்டுடுறாங்க. காதுல கேட்ட ஒலி அப்படியே கொஞ்ச நேரம் மனசுல ஓடும், அந்த நேரத்துக்குள்ள ஒப்பிட்டா தெரியும், அது கரைஞ்சதும் மனசுல மிச்சம் இருக்கிறது "ஏதோ ஒரு த-ட"ங்குற லேபிள் மட்டும்தான். பாப்பா மனசுல அந்த லேபிள் ஒண்ணுதான் இருக்கு. மெஷின் மாட்டினா சத்தம் பெருசாகும், லேபிள் ரெண்டாகாது.

அதே வெர்க்கர், டீஸ் ரெண்டு பேரும் 1984ல கைக்குழந்தைங்களை வச்சு செஞ்சது இன்னும் பிரசித்தம். இங்கிலீஷ் வீட்டுக் குழந்தை ஆறு முதல் எட்டு மாசத்துல ஹிந்தி த, ட-வை அழகாப் பிரிக்குது, ஒலி மாறினதும் தலையைத் திருப்புது, பத்து முதல் பன்னெண்டு மாசம் ஆகுறப்ப அந்தப் பிரிப்பு பெரும்பாலும் போயிடுது. ஹிந்தி வீட்டுக் குழந்தைக்குப் போகல. அதாவது பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காது வீட்டு மொழிக்குத் தோதா தன்னை அமைச்சுக்குது. பாப்பா தமிழ்நாட்டுக்கு வந்தது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி.

அம்மாவோட முதல் கேள்வி, டிவியில தமிழ் கார்ட்டூன் நாள் பூரா போட்டு விடட்டுமான்னு. இதுக்கு நேரடியா பதில் சொல்ற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. பாட்ரீசியா கூலும் அவங்க குழுவும் 2003ல வெளியிட்டது. அமெரிக்காவுல ஒன்பது மாசக் குழந்தைங்களோட சீன மொழிக்காரங்க நேர்ல உக்காந்து விளையாடி, புத்தகம் காட்டிப் பேசினாங்க, அந்தக் குழந்தைங்க சீன ஒலிகளைப் பிரிக்கக் கத்துக்கிச்சு. அதே ஆளுங்க அதே பேச்சை டிவியில காட்டினப்ப ஒண்ணும் ஏறல. எட்டு வயசுப் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் கார்ட்டூனை நம்பி உக்காராதீங்க, பக்கத்து லைன் பிள்ளைங்களோட விளையாட விடுங்கன்னேன். கூடவே இன்னொண்ணும் அழுத்தமா சொன்னேன், வீட்ல அசாமியம் பேசுறதை நிறுத்தாதீங்க. பள்ளிக்கூடத்துல யாரோ நிறுத்தச் சொல்லியிருக்காங்க. அரைகுறைத் தமிழ்ல அம்மா பேசினா பிள்ளை கத்துக்கப் போறது அதே ஈறு மேட்டு தகரத்தைத்தான், எதுக்கு அது.

ரெக்கார்டிங்கை ப்ராட்ல, ஒலியைப் படமா அலசிக் காட்டுற சாஃப்ட்வேர் அது, போட்டுப் பாத்தப்ப பயிற்சிக்கு ஒரு பிடி கிடைச்சுது. "பட்டு"ல ப-வுக்கும் ட்டு-க்கும் நடுவுல இருக்கிற அகரத்தைப் பெருசாக்கிப் பாத்தா, ட-வை நெருங்க நெருங்க மூணாவது ஃபார்மண்ட், அதாவது வாய்க்குள்ள ஒலி தூக்கலா எதிரொலிக்கிற அலைவரிசைகள்ல மூணாவது, கீழ இறங்குது, நாக்கு மடியுறதோட அடையாளம் அது. "பத்து"ல அப்படி இறங்கல. அதாவது ட வர்றதுங்குற சேதி ட-வுக்கு முன்னாடி உயிர்லயே வந்து சேந்துடுது. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராதுன்னு இலக்கணத்துல படிச்சோமே, அது சும்மா போட்ட சட்டம் இல்ல போலிருக்கு, முன்னாடி ஒரு உயிர் இல்லைன்னா அந்த அடையாளம் பாதி தொலைஞ்சுடும், உலகத்துல இப்படி நாக்கை மடிக்கிற ஒலி இருக்கிற பல மொழியிலயும் சொல்லோட தொடக்கத்துல இந்த வித்தியாசம் மங்கிடுது. தொல்காப்பியத்துல டகார ணகாரம் நுனி நா அண்ணம்னு எடத்தை சுட்டிக் காட்டியிருக்கிறதை பாப்பாவுக்கு கண்ணாடி முன்னாடி வச்சு நாக்கை மடிச்சுக் காட்டினோம், அது அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அதனால பயிற்சியை "டா, தா"ன்னு தனி எழுத்துல ஆரம்பிக்கல. நிறைய எடத்துல அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, இருக்கிறதுலயே கஷ்டமான எடத்துல பிள்ளையை நிறுத்துற வேலை அது. நடுவுல வர்ற த்த, ட்ட-ல ஆரம்பிச்சோம்: பத்து-பட்டு, கத்து-கட்டு, முத்து-முட்டு, குத்து-குட்டு. குரல் ஒருத்தரோடது இல்ல. நான், சேச்சி, அக்கா, மேஸ்திரி, ஆட்டோக்கார அண்ணன், அக்காவோட பேரன், யார் கிடைச்சாலும் போன்ல நாலு சொல்லு சொல்ல வச்சு வாங்கிக்கிட்டோம். இதுக்கும் காரணம் இருக்கு, ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷ் ர, ல பிரிக்கச் சொல்லிக் குடுத்த லோகன், லைவ்லி, பிசோனி 1991ல பல குரல்ல கேக்க வச்சு முன்னேற்றம் காட்டினாங்க, பின்னாடி ஒரே குரல்ல மட்டும் பழக்கிப் பாத்தப்ப அந்தக் குரலுக்கு தேறினவங்க புதுக் குரலுக்குத் தடுமாறினாங்க. வகுப்புல டீச்சர் ஒருத்தர் குரல்லயே திரும்பத் திரும்ப சொல்லிக் குடுக்குறது ஏன் போதலன்னு இதுலயே விளங்கும்.

குறில் நெடிலுக்கு படம் தேடினதுதான் தலைவலி. குடை-கூடை வைக்கலாம்னு பாத்தா பேச்சுல குடை கொடையாயிடுது, நீளத்தை விட்டுட்டு உயிரோட நிறத்தை வச்சே பிள்ளை கண்டுபிடிச்சிடுவா. பல்-பால் வச்சா பேச்சுல பல்லு, பாலு, ஒண்ணுல ல ரெண்டு இன்னொண்ணுல ஒண்ணு, அதுவும் காட்டிக் குடுத்துடும். கடைசியா பட்டி-பாட்டி, பட்டு-பாட்டு, கட்டு-காட்டு இதுங்களோட நின்னோம். இது த-ட-வை விட சீக்கிரம் பிடிபட்டுது.

நடுவுல வேற ஒரு பிள்ளை வந்ததை இங்க சேத்துக்கணும், விஷயத்தோட சம்பந்தம் இருக்கு. வெலிங்டன் ராணுவக் குடியிருப்புல இருந்து ஒரு பஞ்சாபிக் குடும்பம், பையனுக்கு வேற பிரச்சினை, கூட வந்த பாட்டி நல்லா பேசுறவங்க. பஞ்சாபியில தொனி உண்டு, அதாவது குரல் ஏத்த இறக்கத்தாலயே சொல்லோட பொருள் மாறும்னு படிச்சிருக்கேன், கேட்டதில்ல, அதனால அந்தப் பிரபலமான மூணு சொல்லை சொல்லச் சொல்லிக் கேட்டேன்: சாட்டை, குஷ்டரோகி, குதிரை. எங்க காதுல மூணும் "கோடா". சாட்டைக்கு குரல் சமமா போகுது, குஷ்டரோகிக்கு உயருது, குதிரைக்கு கீழ இறங்கி வருது. எழுத்துல குதிரை வேற எழுத்துலதான் தொடங்குது, ஹிந்தியில இன்னும் மூச்சோட சொல்ற அந்த ஒலி பஞ்சாபியில மூச்சையும் அதிர்வையும் விட்டுட்டு குரலோட ஏத்த இறக்கத்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் பிரியல. அக்கா சொன்னாங்க, "அந்தம்மா ஒரு தடவை கோவமா சொல்லுது, ஒரு தடவை அலுத்துக்கிட்டு சொல்லுது"ன்னு. சரியாத்தானே சொல்றாங்க, தமிழோ படுகமோ மலையாளமோ குரல் ஏத்த இறக்கம் நமக்கு கேள்வியா, கோவமா, கிண்டலான்னு சொல்லும், "வந்தான்"ங்குறதை "வந்தான்?" ஆக்கும், குதிரையை சாட்டை ஆக்காது. இங்கிலீஷ்காரங்க தொனியைக் கேட்டா குரல் எவ்ளோ உயரத்துல இருக்குன்னுதான் பாக்குறாங்க, தொனி மொழிக்காரங்க அது எந்தப் பக்கம் நகருதுங்குறதுக்குக் கூடுதலா கவனம் குடுக்குறாங்கன்னு ஜாக் கேண்டூர்ங்குற ஆராய்ச்சியாளர் காட்டியிருக்காரு. நாங்களும் உயரத்தைத்தான் பாத்தோம்.

இதுல எனக்கு உறைச்ச ஒண்ணு. பாப்பா விஷயத்துல 'டாட்டா'வுக்கு சேச்சி, ப1, ப3-க்கு அக்கான்னு ஆளுக்கு ஒரு எடத்துல கை குடுத்தாங்க, ஆளுக்கு ஒரு ஓட்டை வேற வேற எடத்துல இருந்ததால ஓட்டை இருக்குன்னே தெரிஞ்சுது. தொனியில மூணு பேருக்கும் ஒரே எடத்துல ஓட்டை, பாட்டி வராம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. ஒரு வகுப்புல டீச்சரும் முப்பது பிள்ளைங்களும் ஒரே மாதிரி கேக்குறப்ப, வேற மாதிரி கேக்குற ஒத்தப் பிள்ளைக்கு மட்டும் காது டெஸ்ட் எழுதிக் குடுக்குறது இப்படித்தான் நடக்குது. இந்த மலையில அது இன்னும் விசித்திரம், ஏன்னா இங்க யாரும் ஒரே மாதிரி கேக்குறதே இல்ல. 1930கள்ல எமெனோங்குற மொழியியலாளர் வந்து தங்கி எழுதினப்ப படுக மொழியில உயிரெழுத்தே நாக்கு மடிஞ்சு ரெண்டு அளவுல வர்றதைக் குறிச்சு வச்சிருக்காரு, இங்க இருக்கிற தோடர்களோட தோடா மொழியில ரகரம் மட்டும் மூணு எடத்துல உருளுறதை 1996ல லேடிஃபோகட், பாஸ்கரராவ் குழு அளந்து வெளியிட்டிருக்கு. ஒரு தோடர் பாட்டி நம்ம சொல்வதெழுதுதலைத் திருத்த உக்காந்தா நம்ம கதி என்ன ஆகும்னு நினைச்சுப் பாக்கலாம்.

இப்ப பாப்பா நிலைமை. அமைதியான ரூம்ல, பழகின குரலோ புதுக் குரலோ, த்த, ட்ட ரெண்டும் நல்லாவே பிரிக்கிறா, படத்தையும் சரியாத் தொடுறா. வாயிலயும் மாற்றம் வந்துருக்கு, தாத்தா இப்ப ரிசப்ஷன் அக்காவுக்கே தாத்தாவாக் கேக்குது. ந்த, ண்ட இன்னும் தகராறு, சந்தைக்கு போறவ சண்டைக்கு போயிடுறா, மெல்லினத்தோட சேந்து வர்றப்ப ஒலி குட்டையாவும் மங்கலாவும் இருக்கு, அடையாளம் தேட நேரம் பத்தல. வகுப்புல சத்தம் இருந்தா எல்லாமே கொஞ்சம் பின்னாடி போகுது, ரெண்டாவது மொழியில கேக்குற யாருக்கும் அப்படித்தான். ர-ற, ழ-ள இதுல அவ மத்தப் பிள்ளைங்க மாதிரியே தப்பு பண்றா, அதை நான் வெற்றின்னுதான் ஃபைல்ல எழுதியிருக்கேன்.

பள்ளிக்கூடத்துக்கு குடுத்த லெட்டர்ல மூணு விஷயம் கேட்டேன். காது நார்மல், மெஷின் தேவையில்ல, அதனால கேள்விக்குறைன்னு பதிவேட்டுல எழுதினதை எடுத்துடுங்க. முன்வரிசையில உக்கார வைங்க. சொல்வதெழுதுதலை தனிச் சொல்லா சொல்லாம வாக்கியத்துல வச்சு சொல்லுங்க, "பத்து ரூபா குடு"ன்னா அவளுக்கு பட்டு வர வழியில்ல, பொருளே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். டீச்சர் ரெண்டாவதையும் மூணாவதையும் அன்னிக்கே செஞ்சுட்டாங்க. பதிவேட்டை மாத்த மேல இருந்து ஒப்புதல் வரணுமாம், அது இன்னும் வரல, மறுபடி எழுதிப் போட்டிருக்கேன்.

ஜூன்ல பள்ளி தொறந்ததும் சத்தத்துக்கு நடுவுல கேக்குற டெஸ்ட் வைக்கணும். பின்னணிக்கு ரெடிமேடா வர்ற சத்தம் வேணாம்னு, ஐப்பசி மழை அவங்க வகுப்பு தகரக் கூரையில விழுந்ததை டீச்சர் போன்ல எடுத்து அனுப்பியிருக்காங்க, அதைத்தான் போடப்போறேன்.